கட்டியவர் யார், விற்பவர் யார்?
பிரிட்டனில் முதல் கிட் கார் வாங்குவோர் கவனத்திற்கு

1957-இல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் ‘செவன்’ என்ற காரை வெளியிட்டது. இரண்டே இருக்கை, நிரந்தரக் கூரையோ ஒழுங்கான கதவோ கிடையாது. கட்டி முடித்த காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். ‘கிட்’ எனப்படும் உதிரிப் பாகத் தொகுப்பாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் வரி இல்லை. ஆனால் பாகங்களுடன் ‘பூட்டும் முறை’க் கையேடு தரக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதனால் லோட்டஸ் காரைக் ‘கழற்றும் முறை’ என்று ஒரு கையேடு கொடுத்ததாம். வாங்கியவர்கள் அதைக் கடைசியிலிருந்து படித்து வண்டியைப் பூட்டினார்களாம். கார் பிரியர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை இது.

1973-இல் வாட் வரி வந்து அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பின்னர் வெஸ்ட்ஃபீல்டு, டைகர், ராபின் ஹுட், எம்கே என்று அதே சாயலில் பல பெயர்கள் வந்தன. 1996-இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டிலிருந்து சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகமே எழுதினார். அதைப் பார்த்துக் கட்டிய கார்களுக்கு ‘லோகாஸ்ட்’ என்று பெயர் நிலைத்தது.

இவற்றில் பல 500 முதல் 600 கிலோ எடைதான், அதாவது சாதாரணக் குடும்பக் காரில் ஏறக்குறைய பாதி. அதனால் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலோ சியராவிலோ கழற்றிய எஞ்சினே இதைச் சீறிப் பாய வைக்கும். குறைந்த செலவில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசையைத் தீர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் இதைத் தேடுவது அதனால்தான். பழைய வண்டிச் சந்தையில் கேட்டர்ஹாமுக்கு விலை கூடுதல், வெஸ்ட்ஃபீல்டு நடுத்தரம், ராபின் ஹுட்டும் லோகாஸ்ட்டும் அதற்கும் கீழே.

மற்ற கார்களில் இல்லாத சிக்கல் ஒன்று இதில் உண்டு. சாதாரணக் காரை ஒரு தொழிற்சாலை கட்டுகிறது. கிட் காரைப் பெரும்பாலும் யாரோ ஒருவர் தம் வீட்டுக் காரேஜில், வார இறுதிகளில் கட்டியிருப்பார். அவர் எப்படிக் கட்டினார் என்பதைப் பொறுத்தது உங்கள் ஆபத்து. இன்று அதை உங்களுக்கு விற்பவர் டீலரா, தனிநபரா என்பதைப் பொறுத்தது உங்கள் உரிமை. இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கட்டியவரின் கைவண்ணம்

வீட்டில் கட்டிய காரைச் சாலைக்குக் கொண்டுவரும் முன் அரசுச் சோதனை உண்டு. 1998-இல் எஸ்விஏ என்ற பெயரில் வந்தது; 2009 முதல் அதன் இடத்தில் ஐவிஏ நடக்கிறது. பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, சீட் பெல்ட் பொருத்திய இடம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு போதுமான அளவு மழுங்கியிருக்கிறதா என்பதைக்கூட மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள்.

இதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஒரு நாளில் வண்டி அந்த நிலையில் இருந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. தேர்ச்சி பெற்ற மறுநாளே உரிமையாளர் பாதியை மாற்றியிருக்கலாம். 1998-க்கு முன் பதிவான கார்கள் இந்தச் சோதனையைப் பார்த்ததே இல்லை. ஆகவே உங்கள் கண்ணால் பார்க்க வேண்டியவை நிறைய.

சேஸி என்பது பெரும்பாலும் இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய கூடு. அதன்மேல் அலுமினியத் தகடு போர்த்தியிருக்கும். பெயின்ட் பளபளக்கும், தகட்டுக்கு அடியில் குழாய் துருப்பிடித்திருக்கும். டார்ச் வைத்து அடியில் படுத்துப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் கைகள் இருபுறமும் ஒரே வாட்டத்தில் இருக்கின்றனவா, எங்காவது புதிதாக வெல்டிங் செய்த தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். டாஷ்போர்டின் பின்னால் ஒயர்கள் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடந்தால், கட்டியவர் மற்ற இடங்களிலும் அவசரப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

டயரில் தேய்மானம் தெரியாது. வருடத்துக்குச் சில நூறு மைல் ஓடும் வண்டி. ஆனால் ரப்பருக்கு வயதாகும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பெட்ரோல் குழாயையும் தொட்டுப் பாருங்கள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்றாலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10. பழைய வகை ரப்பர் குழாய்களை அது அரிக்கும். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

விலை பேசும் முன் உட்கார்ந்து பாருங்கள். கால் வைக்கும் இடம் மிகக் குறுகல். தடித்த ஷூ போட்டால் பிரேக்கோடு ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து அழுந்தலாம். உயரமானவர்களுக்கு முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். மோட்டார் சைக்கிள் எஞ்சின் பொருத்திய வண்டியென்றால் ரிவர்ஸ் கியர் எப்படி வேலை செய்கிறது என்று நேரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் பெரும்பாலும் இருக்காது. மழையில் உங்களைக் காப்பாற்றப்போவது உங்கள் வலது கால்தான்.

‘முக்கால்வாசி முடிந்த கிட், பாதி விலை’ என்ற விளம்பரம் முதல்முறை வாங்குபவருக்கானது அல்ல. எஞ்சிய கால்வாசியில்தான் ஒயரிங், ஐவிஏ, பதிவு எல்லாம் இருக்கும். பணமும் பொறுமையும் தீர்வது அங்கேதான்.

இரும்புக்கு முன் காகிதம்

லாக்புக் என்று எல்லோரும் சொல்லும் வி5சி, வண்டியைப் பதிவில் வைத்திருப்பவர் யார் என்பதைக் காட்டும் சீட்டு. சொந்தக்காரர் யார் என்பதற்கு அது சான்று ஆகாது. அந்தச் சீட்டிலேயே அப்படி அச்சிட்டிருக்கிறது. எனவே விற்பவர் தாம் வாங்கிய ரசீதையும் கேளுங்கள். சேஸியில் பொறித்த எண்ணும் சீட்டில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

அடுத்து, வண்டியின் பெயர். கண்ணெதிரே கூரையில்லாத இரட்டை இருக்கைக் கார் நிற்கும். லாக்புக்கில் ‘ஃபோர்டு சியரா’ என்று இருக்கும். எஞ்சின் தந்த டோனர் காரின் அடையாளத்தையே புதுக் காருக்கு ஒட்டவைத்த பழைய கோளாறு இது. என்றாவது டிவிஎல்ஏ என்ற வாகனப் பதிவு அலுவலகம் கவனித்தால் அந்தப் பதிவெண்ணைப் பறித்து, புதிதாகச் சோதனைக்கு வரச் சொல்லலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகவே இருக்கும். இதற்கு மாறாக, க்யூ என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வண்டியின் வயதோ அடையாளமோ உறுதியாகத் தெரியாதபோது கொடுக்கும் எண் அது. மறுவிற்பனையில் விலை சற்றுக் குறையலாம். ஆனாலும் பொய்யான சியராவைவிட நேர்மையான க்யூ மேல்.

ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையின் பழைய முடிவுகளை வண்டி எண்ணை இட்டு அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சில பவுண்ட் செலவழித்து, பாக்கிக் கடன், திருட்டு, விபத்துப் பதிவு மூன்றையும் காட்டும் சோதனையையும் செய்யுங்கள். விபத்தில் இன்சூரன்ஸ் கைகழுவிய கார்களில், கட்டமைப்பு சேதமானவை எஸ் வகை. கட்டமைப்பு சேதமாகாதவை என் வகை. ஏ, பி என்று இருந்தால் அது சாலைக்கே வரக் கூடாத வண்டி.

ஹயர் பர்ச்சேஸ் கடன் பாக்கி இருப்பது தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கிய தனிநபருக்கு 1964-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. லாக்புக்கை அடகு வைத்து வாங்கிய கடனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. திருட்டு வண்டியென்றால் எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் அது உங்களுடையது ஆகாது.

விற்பவரைப் பொறுத்தே உரிமை

டீலரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம். வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரம், சொன்ன பயனுக்குத் தகுதி, சொன்ன வர்ணனை மூன்றும் இருக்க வேண்டும். பெரிய குறை இருந்து, அது வாங்கும்போதே இருந்தது என்று காட்ட முடிந்தால் 30 நாளுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன்பின் டீலருக்கு ஒருமுறை பழுதுபார்க்க வாய்ப்புத் தர வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் விலைக் குறைப்போ, ஓட்டிய மைலுக்குக் கழித்துக்கொண்டு மீதிப் பணமோ கேட்கலாம். முதல் ஆறு மாதத்தில் தெரியும் குறை ஆரம்பத்திலேயே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது டீலரின் பாடு. வாங்கும் முன்பே அவர் சுட்டிக்காட்டிய குறைக்கு இது பொருந்தாது. ‘உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது’ என்று ரசீதில் எழுதி டீலர் இந்த உரிமைகளைத் தட்டிக்கழிக்க முடியாது.

தனிநபரிடம் வாங்கினால் பாதுகாப்பு மெலிகிறது. விற்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். சொன்ன வர்ணனை உண்மையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். நீங்கள் கேட்காத குறையை அவர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ‘சேஸி வளைந்து சரிசெய்ததா? ஐவிஏ முடிந்ததா? எஞ்சினைப் பிரித்துப் பூட்டியது யார்?’ என்று மெசேஜில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். விளம்பரம் நீக்கப்படும் முன் படம் எடுத்து வையுங்கள். தவறான தகவலை நம்பி வாங்கினால் 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு கேட்க அதுதான் ஆதாரம்.

தனிநபர் வேடத்தில் டீலர்களும் உண்டு, அது குற்றம். போன் செய்து, ‘விற்பனைக்கு வந்திருக்கும் கார் பற்றிப் பேச வேண்டும்’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘எந்தக் கார்?’ என்று திருப்பிக் கேட்டால் ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

பிரிட்டிஷ் சட்டத்தில் இரண்டு ‘75-ஆம் பிரிவு’கள் உங்களுக்குத் துணை. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரை விலையுள்ள பொருளுக்கு முன்பணத்தை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும் கார்டு நிறுவனம் விற்பவரோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். கிட் நிறுவனம் திவாலானால் முன்பணம் மீள்வதற்கு இதுவே நல்ல வழி. 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75-ஆம் பிரிவோ, ஓடத் தகுதியில்லாத வண்டியைச் சாலைக்கென விற்பதைக் குற்றமாக்குகிறது. தனிநபரும் அதற்கு விலக்கல்ல.

வாங்கும் முன் இரண்டு கணக்கு

முதலில் இன்சூரன்ஸ் விலையைக் கேளுங்கள், பிறகு காரின் விலையை. எஞ்சின், பிரேக், இருக்கை என்று மாற்றியவை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். கவனக்குறைவாகத் தவறான பதில் சொன்னாலும் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ நிறுவனத்துக்கு வழி உண்டு. முன்கூட்டியே மதிப்பை ஒப்புக்கொள்ளும் பாலிசி எடுப்பது நல்லது. இல்லையென்றால் பத்தாயிரம் பவுண்ட் காருக்குச் சந்தை விலை என்று எதையாவது சொல்வார்கள்.

லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இருப்பவர்கள், புகை மாசு கூடிய வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணத்தையும் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் அது லண்டனின் எல்லாப் பரோக்களிலும் உண்டு. தகுதியற்ற கார் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். பழைய எஞ்சின் கொண்ட கிட் கார் எளிதில் இதில் மாட்டும். எண்ணை இட்டுச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்தியாவில் மூன்று ஆண்டுக்கு மேல் பழைய காரைச் சாதாரணமாக இறக்குமதி செய்ய முடியாது.

ஏமாந்துவிட்டால்

கோபத்தில் நீங்களே பழுதுபார்க்கத் தொடங்காதீர்கள், ஆதாரம் அழியும். படம் எடுங்கள், ஓட்டுவதை நிறுத்துங்கள், குறையையும் நீங்கள் கேட்பதையும் தேதியிட்டு எழுத்தில் அனுப்புங்கள். விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் அறிக்கை வாங்குங்கள். அடுத்து சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இலவசமாக வழிகாட்டும். கடன், கார்டு, இன்சூரன்ஸ் தொடர்பான தகராறென்றால் நிதி ஆம்புட்ஸ்மனிடம் செலவில்லாமல் புகார் செய்யலாம். கடைசி வழி நீதிமன்றம்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்ட் வரையிலான தொகைக்கு வக்கீல் இல்லாமலே சிறு வழக்குப் பிரிவில் கேட்கலாம். சிறு பட்ஜெட்டில் வாங்கும் கிட் கார்கள் பலவும் இந்த வரம்புக்குள் அடங்கும்.

இவை எல்லாம் நடந்த பிறகான மருந்து. வருமுன் காக்க ஒன்று உண்டு: பொறுப்பாகக் கட்டியவர் ஒரு கோப்பு வைத்திருப்பார். வெறும் சேஸியாக இருந்த நாள் முதல் எடுத்த படங்கள், ஒவ்வொரு பாகத்தின் ரசீது, ஐவிஏ தாள்கள் எல்லாம் அதில் இருக்கும். கிட் காருக்கு அந்தக் கோப்புதான் தொழிற்சாலை. கோப்பு எங்கே என்று கேளுங்கள். ‘தொலைந்துவிட்டது’ என்று பதில் வந்தால், எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.