வெண்பனிக்குக் காத்திராத வெள்ளை முயல்

வட அமெரிக்காவின் காடுகளிலே பனிச்சப்பாத்து முயல் என்றொரு முயல் வாழ்கின்றது. அதன் பின்னங்கால்கள் அகன்றவை. அடியிலும் அடர்ந்த உரோமம் கொண்டவை. ஆதலால் இளகிய வெண்பனியின் மேலும் அது புதையாது ஓடும். பெயர்க் காரணம் அதுவே. ஆயினும் அதன் சப்பாத்தைவிடச் சட்டையே நமக்கு விந்தை தருவது. கோடையிலே சருகோடு சருகாய்க் கபில நிறத்தில் திரியும் இம்முயல், குளிர்காலம் வந்ததும் காதின் கருநுனி தவிர மேனியெல்லாம் வெள்ளையாகி, நிலத்தை மூடிய வெண்பனியோடு கலந்துவிடும்.

நிறம் மாறுகின்றது என்று நாம் சொன்னாலும், உள்ளபடி கபில மயிர் வெளுப்பதில்லை. பழைய மயிர் உதிர, அதன் இடத்திலே வெள்ளை மயிர் புதிதாய் முளைக்கின்றது. இலையுதிர்காலத்திலே பாதங்களிலும் காதுகளிலும் தொடங்கும் இவ்வேலை, முதுகை எட்டி முடிய ஒரு மாதத்துக்கு மேலாகும். இளவேனிலில் வெள்ளை உதிர்ந்து மறுபடியும் கபிலம் வரும். குளிர்காலத்து மயிர் வெண்மையோடு நீளமும் அடர்த்தியும் மிக்கது. மேலே நீண்ட முரட்டு மயிர். கீழே பஞ்சு போன்ற மென்மயிர். அம்மென்மயிரின் இடையே அசையாது சிறைப்பட்ட காற்று. உடற்சூட்டை வெளியே போகவிடாது காப்பதில் பெரும்பங்கு அந்தக் காற்றினுடையதே. கம்பளிப் போர்வையின் இரகசியமும் இதுதான். வடதிசைக் கலைமானோ மயிருக்குள்ளேயே காற்றறைகள் வைத்திருக்கின்றது.

சட்டை மாற்றுவதில் முயலுக்கு இணையானது ஏர்மின் என்னும் சிறு விலங்கு. பார்வைக்கு நம் கீரியின் தம்பி போலிருக்கும். உடல் முழுவதும் வெளுத்தாலும் அதன் வால் நுனி மட்டும் கறுப்பாகவே நிற்கும். ஐரோப்பிய மன்னர்களின் படங்களிலே, வெள்ளை உரோம அங்கியில் கரும்புள்ளிகளைக் கண்டிருப்பீர்கள். அவை இவ்வால் நுனிகளே. ஒளிந்து வாழவேண்டிய பிராணிக்குக் கரும்பொட்டு எதற்கு? 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியிலே, பழக்கிய பருந்துகளின் முன் ஏர்மின் போன்ற பொம்மைகளை ஓடவிட்டுப் பார்த்தனர். வால் நுனி கறுத்த பொம்மையைப் பருந்துகள் அடிக்கடி தவறவிட்டன. கண் பொட்டுக்குப் போக, உடல் தப்பிவிடுகின்றது!

முயலுக்குத் திரும்புவோம். சட்டை மாற்றும் நாளை அதற்கு அறிவிப்பது யாது? குளிரா, விழுகின்ற வெண்பனியா? முதன்மையாக இரண்டும் அல்ல, பகற்பொழுதின் நீளமே. யாழ்ப்பாணத்திலே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை ஏறக்குறைய ஒரு மணித்தியாலந்தான். இம்முயல் வாழும் மொன்டானா மாநிலத்திலோ அது 7 மணித்தியாலத்துக்கு மேல். அங்கே இரவு நீள நீள, மூளையிலுள்ள ஒரு சிறு சுரப்பி மெலற்றோனின் என்னும் ஓமோனைக் கூடிய நேரம் சுரக்கின்றது. அச்செய்தி உடலெங்கும் பரவ, வெள்ளை மயிர் முளைக்கத் தொடங்குகின்றது.

இந்தப் பஞ்சாங்கம் நெடுங்காலம் முயலைக் காத்து வந்தது. பகல் குறுகினால் வெண்பனி விழும். முயலும் அதற்குள் ஆயத்தமாகிவிடும். இக்காலத்திலோ பூமி வெப்பமடைந்து வருவதால், பல இடங்களில் வெண்பனி பிந்தி விழுந்து முந்தி உருகுகின்றது. பகலின் நீளமோ மாறவில்லை. எனவே முயல் குறித்த நாளில் வெள்ளை உடுத்து, பனியில்லாத கபில நிலத்திலே, கரும்பலகையில் இட்ட வெண்கட்டிக் கோடு போல உட்கார்ந்திருக்கின்றது.

இதில் இரங்கத்தக்கது யாதெனில், தன் நிறம் பிழைத்துவிட்டதை அது அறிவதாய்த் தோன்றவில்லை என்பதே. ஆபத்து நெருங்கினால் அசையாதிருப்பது அதன் குலவழக்கம். நிறம் பொருந்தாத முயல்களும் அவ்வழக்கத்தை மாற்றிக்கொண்டு மறைவிடம் தேடுவதில்லை என ஆராய்ச்சியாளர் கண்டனர். லிங்ஸ் என்னும் காட்டுப்பூனைக்கும் கோட்டானுக்கும் இதைவிட நல்விருந்து ஏது? மொன்டானாவிலே முயல்களின் கழுத்தில் சிறு வானொலிக் கருவி பூட்டிப் பின்தொடர்ந்து, 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, நிலத்தோடு நிறம் பொருந்தாத முயல் ஒரு வாரத்தைக் கடந்து உயிர்வாழும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வரை குறைகின்றது. ஏழுதானே என்று எண்ணவேண்டாம். அந்த உச்ச அளவு நான்கு வாரம் நீடித்தால், நிறம் பொருந்திய முயல்களோடு ஒப்பிட, ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைந்துவிடும்.

ஆனால் இவ்வினத்து முயல்கள் எல்லாம் வெள்ளை உடுப்பவையல்ல. பசிபிக் கரையோரத்திலே, வெண்பனி குறைந்த இடங்களில், அவை குளிர்காலத்திலும் கபிலச் சட்டையே அணிகின்றன. மயிர் உதிர்ந்து புதுமயிர் தரிப்பது அங்கேயும் உண்டு, நிறந்தான் வேறு. இதற்குக் காரணம் அகூட்டி என்னும் ஒரு பரம்பரையலகிலுள்ள வேறுபாடு என்றும், கருவால் முயல் என்னும் அயலினத்தோடு முற்காலத்தில் நேர்ந்த கலப்பினால் அது வந்து சேர்ந்தது என்றும் 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. பழைய கலப்பு மணம் இன்று கைகொடுக்கின்றது போலும்! வெண்பனி குறையக் குறையக் கபிலச் சட்டைக்காரர் பெருகக்கூடும். ஆயினும் அதற்கு இரு சாராரும் அருகருகே வாழ்தல் வேண்டும். அத்தகைய இடங்களைக் காத்துவைக்க வேண்டும் என்பது அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வின் வேண்டுகோள். வாஷிங்டன் மாநிலத்துக் காஸ்கேட் மலைகளிலே வெண்முயலும் கபில முயலும் குளிர்காலத்தை ஒரே காட்டில் கழிக்கின்றன.