பழைய பிளேயரில் பாடாத சிடி

வீட்டிலேயே பாட்டு சிடி எழுதிப் பார்த்திருக்கிறீர்களா நேயர்களே? கம்ப்யூட்டரில் ஜோராகப் பாடும் அதே சிடியைப் பழைய பிளேயரில் போட்டால், பிளேயர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'நோ டிஸ்க்' என்று கைவிரித்துவிடும். ஏன் தெரியுமா? அழித்து அழித்து எழுதக்கூடிய ஆர்.டபிள்யூ. வகை சிடி, தன்மேல் விழும் லேசர் ஒளியைக் கொஞ்சமாகத்தான் திருப்பி அனுப்பும். அந்த மங்கல் ஒளி பழைய பிளேயர்கள் பலவற்றின் கண்ணுக்கே தெரியாது. ஒரே முறை எழுதும் சிடி-ஆர் அப்படியல்ல. சாயப் பூச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் வெள்ளிப் பூச்சு. ஒளி பளிச்சென்று திரும்பும். விலையும் குறைவுதான், பிறகென்ன யோசனை! எழுதும் மென்பொருளில் மட்டும் 'டேட்டா சிடி'யை விட்டுவிட்டு, 'ஆடியோ சிடி'யைத் தேர்ந்தெடுங்கள். எம்பி3 கோப்பாகவே ஏற்றினால், அதைப் படிக்க அந்தக் காலத்துப் பெட்டிகளுக்குத் தெரியாது.