வெயிலூரில் ஒரு விளையாட்டுக் கணிப்பொறி

சத்துவாச்சாரியில் வசிக்கும் என் மாணவர் ஒருவர், விளையாட்டுகளுக்கென்று ஒரு கணிப்பொறியைத் தாமே பாகங்கள் வாங்கிப் பொருத்தினார். தந்தை தோல் தொழிற்சாலை ஊழியர். வீட்டில் கிடைத்தது ரூ. 40,000. சென்னை ரிச்சி தெருவில் அலைந்து, ஒருவர் பயன்படுத்திய ஆர்.டி.எக்ஸ். 3060 வரைகலை அட்டையை வாங்கினார். மிச்சம் பிடித்தது எஸ்.எம்.பி.எஸ்.ஸில்.

எளிய காட்சிகள் ஒழுங்காக ஓடின. வெடியும் புகையுமாகத் திரை நிறைந்ததும் கணிப்பொறி பொட்டென்று அணைந்தது. அட்டை கெட்டுவிட்டதென்று கலங்கிப்போய் என்னிடம் வந்தார்.

அட்டைக்கு அதிகப் பணம் ஒதுக்கியது சரியே. திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை படம் மாறினால் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணிக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் ஒரு புள்ளியின் கணக்கு அடுத்த புள்ளிக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே ஆறு அல்லது எட்டு வல்லுநர்களைவிட, சிறு கணக்குப் போடும் ஆயிரக்கணக்கானோர் இங்கே மேல். 3060 அட்டையில் இத்தகைய கணிப்பு அலகுகள் 3,584 உள்ளன. பிராசசருக்கு ஆறு கருக்கள் போதும். ராம் வாங்கும்போது 16 ஜி.பி. ஒன்றைவிட 8 ஜி.பி. இரண்டு நல்லது, தரவுக்கு இரு பாதைகள் கிடைக்கும்.

இனி எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை, முக்கியமாக 12 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தரும் பெட்டி இது. மாணவரின் பெட்டியில் பெரிய எழுத்தில் ‘450 வாட்’ என்றிருந்தது. பக்கத்திலுள்ள அட்டவணையை அவர் பார்க்கவில்லை. அதில் 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள்: 192 வாட்! அட்டைக்கு மட்டும் 170, பிராசசருக்கு 65; இரண்டும் சேர்ந்தால் 235. எளிய காட்சியில் அட்டை முழுத்திறனைக் கேட்பதில்லை. கடினமான காட்சியில் கேட்டது. பெட்டி அணைந்ததோடு நின்றது அவருடைய நல்ல காலம். மட்டமான பெட்டிகள் தாமும் புகைந்து, அட்டையையும் மதர்போர்டையும் கெடுத்துவிடுவதுண்டு. பத்தாம் வகுப்பில் படித்த அந்தப் பெருக்கலைக் கடையில் நின்று போட ஏனோ நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஊரில் இன்னொரு செலவும் உண்டு. அந்த 235 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளிவரும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் கால் பங்கு எனலாம். வெப்பம் கடத்தப்படுவது வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. அறை 25 டிகிரியாக இருக்கும்போது சில்லு 75 டிகிரியில் நிற்கிறதென்று கொள்வோம், வேறுபாடு 50. மே மாதத்தில் வேலூர் அறை 40 டிகிரியானால், அதே விசிறியோடு, அதே வேலைக்குச் சில்லு ஏறத்தாழ 90-ஐத் தொடும். அந்த நிலையில் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் கோடையில் பயன்படாமல் போகும். எனவே முகப்பில் கண்ணாடி போட்ட அழகிய கேபினெட்டைவிட, வலை முகப்பும் இரு விசிறிகளும் உள்ளதே நமக்கு ஏற்றது.

அட்டைக்கே பணம் போதாதவர்கள், வரைகலைப் பகுதி உள்ளேயே அமைந்த ரைசன் 5 5600ஜி (2021) போன்ற பிராசசருடன் தொடங்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும், பின்னால் வரப்போகும் அட்டைக்கும் கணக்கிட்டே வாங்க வேண்டும்.

மாணவர் 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் தரும் பெட்டிக்கு மாறினார். அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.