பலராம்: 27 வயதில் நின்ற ஆட்டம், 86 வயது வரை நீண்ட வாழ்வு

நோயிலிருந்து மீண்டு வருபவர்கள் மருத்துவரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இனி பழையபடி வேலைக்குப் போகலாமா?” அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன் நிற்பவரும், ஆவடியிலிருந்து நாள்தோறும் ரயிலேறுபவரும் அக்கேள்வியைக் கேட்கின்றனர். பெரும்பாலும் “போகலாம்” என்பதே விடை. சிலருக்கு மட்டும், தாம் விரும்பிய தொழிலை விட்டு வேறு வழியில் வாழ்வைத் தொடர வேண்டிய நிலை ஏற்படுகிறது. அந்நிலையைத் தம் 27ஆம் வயதில் சந்தித்த கால்பந்து வீரர் துளசிதாஸ் பலராமைப் பற்றி இவ்விதழில் காண்போம்.

பலராம் 1936ஆம் ஆண்டில் செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில், எளிய தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவருடைய திறமையைக் கண்டறிந்து வளர்த்தவர் புகழ்பெற்ற பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீம். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில், இருபது வயதை ஒட்டிய இளைஞராகப் பலராம் இடம்பெற்றார். அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் சங்கத்தில் சேர்ந்தார்.

அவர் பெரிதும் ஆடியது இடப்பக்க விங்கர் நிலையில். பக்கக் கோட்டை ஒட்டி ஓடி, எதிரணியின் தடுப்பாளரைக் கடந்து, கோல் முகப்புக்குப் பந்தை அனுப்புவது விங்கரின் பணி. ஆட்டம் முழுவதும் மீண்டும் மீண்டும் விரைந்தோட வேண்டியிருப்பதால், கால்களுக்கு நிகரான உழைப்பு நுரையீரலுக்கும் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ் இதே விங்கர் நிலையில் ஆடி, 50 வயது நிறைந்த பின்னும் அந்நாட்டின் முதல் பிரிவுப் போட்டியில் களமிறங்கினார்.

பலராமின் புகழ் உச்சத்தைத் தொட்டது 1960ஆம் ஆண்டின் ரோம் ஒலிம்பிக்கில். அங்கு அவர் ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோலும், பெருவுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா 2–1 என்ற கணக்கில் தென்கொரியாவை வென்று தங்கம் பெற்றது. அந்த அணியின் முன்வரிசையில் பி.கே.பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரும் சேர்ந்து ஆடினர். இரசிகர்கள் அவர்களை மும்மூர்த்திகள் என்றே அழைத்தனர்.

மறு ஆண்டே பலராமின் ஆட்டம் நின்றது. காரணம், காசநோய். நுரையீரலையே நம்பிய ஒரு தொழிலை நுரையீரல் நோயே முடித்து வைத்தது. அது அவருடைய உறுதிக் குறைவும் அன்று, தோல்வியும் அன்று. அதன் பின்னர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் குடியிருந்த அவர் 2023 பிப்ரவரி 16 அன்று, 86ஆம் வயதில் மறைந்தார். மும்மூர்த்திகளில் மற்ற இருவரும் 2020ஆம் ஆண்டிலேயே காலமாயினர். நோயால் முதலில் களத்தை விட்டவரே மூவரிலும் இறுதிவரை இருந்தார்.

சென்னை காட்டிய வழி

பலராம் ஆடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிய ஆய்வு ஒன்று நம் நகரில் நடந்தது. காசநோயாளிகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து, நெடுநாள் சானடோரியத்தில் வைப்பதே அக்காலத்து வழக்கம். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டது. நெருக்கடியான வீடுகளில் வறுமையோடு வாழ்ந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். உடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கு அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதும் தெரிந்தது. 1959இல் வெளியான இம்முடிவுகளுக்குப் பின், வீட்டிலிருந்தே பெறும் சிகிச்சை உலகெங்கும் பரவியது.

குடும்பத்தினர் கவனத்திற்கு

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைநேரக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் வியர்த்தல், சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

சாதாரண நுரையீரல் காசநோய்க்கு இன்று ஆறு மாத மருந்தே போதும். முதல் சில வாரங்களிலேயே உடல் தேறிவிடுவதால் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். எஞ்சியிருக்கும் கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாத நிலையை அடைவதற்கு அது வழிவகுக்கும். மருத்துவர் சொல்லும் நாள்வரை ஒரு வேளையும் தவறாது உட்கொள்வதே முழு நலத்திற்கு வழி.

தட்டு, குவளை வழியாக இந்நோய் பரவுவதில்லை. இருமும்போது வாயை மூடிக்கொள்வதும், சன்னல்களைத் திறந்து வைப்பதும், வீட்டிலுள்ள குழந்தைகளைப் பரிசோதனைக்கு அழைத்து வருவதும் தேவையானவை. நோயாளியைத் தனியே ஒதுக்கி உண்ணச் செய்வது தேவையற்றது.

திருவேற்காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் ஞாயிறு காலைகளில் பந்தின் பின்னால் ஓடும் பிள்ளைகளுள் ஒருவருக்கு இந்நோய் வந்தாலும், உரிய காலத்தில் கண்டறிந்து மருந்தை முடித்தால், அவர் மீண்டும் மைதானத்திற்குத் திரும்ப இன்று பெரிதும் வாய்ப்பு உண்டு. பலராமுக்குக் கிட்டாத அந்த வாய்ப்பை, பாதியில் நிறுத்திய மருந்தினால் நாம் இழந்துவிடலாகாது.