முறுக்கு மரமும் ஆப்பும்



விறகுக்கும் மம்பட்டிப் பிடிக்கும் நாம் மரம் பிளக்கிறோம். நேரான மரம் லேசா பிளந்திடும். முறுக்கு விழுந்த யூகலிப்டஸ் போன்ற மரந்தான் ஆளைப் பார்க்கும்.

அமெரிக்காவில் ஓசேஜ் என்னும் கடின மரத்தில் வில் செய்கிறவர்கள், வாளால் அறுப்பதைவிட ஆப்பால் பிளப்பதையே விரும்புவார்கள். வாள் நாரைக் குறுக்கே வெட்டிவிடும். பிளவு நாரோடு ஓடும். நார் அறாத கட்டை வளைந்தாலும் சுலபத்தில் முறியாது. நம் கோடரிப் பிடிக்கும் இதே நியாயந்தான்.

பிளக்கும் முறை:

1. பட்டையின் கோட்டைப் பாருங்கள். கோடு சுற்றி ஓடினால் பிளவும் சுற்றித்தான் ஓடும். அதை விறகுக்கு வையுங்கள்.

2. பச்சையாக இருக்கும்போதே பிளக்கவும். காய்ந்தால் இறுகிவிடும்.

3. முனையின் நடுவில் முதல் ஆப்பை அடிக்கவும். வெடிப்பு பக்கவாட்டில் ஓடியதும் இரண்டாவது ஆப்பை அதில் வைக்கவும். முதல் ஆப்பு தளர்ந்ததும் அதை எடுத்து இன்னும் முன்னால் வைக்கவும்.

4. சரிபாதியாகவே பிளக்கவும். ஒரு பக்கம் மெலிசா இருந்தா பிளவு அந்தப் பக்கமே ஓடிவிடும்.

5. விடாத நாரைக் கோடரியால் வெட்டவும். வெடிப்புக்குள் கையை விடாதீர்கள். ஆப்பசைத்த குரங்கின் கதை தெரியுந்தானே!

6. பிடிக்கு எடுத்த கட்டையின் இரு முனைகளிலும் பெயின்ட் பூசி, நிழலில் காய வையுங்கள்.

இரும்பு ஆப்பின் தலை அடிபட்டு விரிந்திருந்தால் முதலில் அதை அராவி எடுங்கள். அடிக்கும்போது அந்தத் துண்டு தெறித்தால் கண்ணே போய்விடும். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். கண்ணில் தூசு, துண்டு பட்டால் கசக்காமல் உடனே டிஸ்பென்சரிக்குப் போங்கள். கட்டை நாளைக்கும் பிளக்கலாம், கண் திரும்ப வராது.