பயத்துக்குப் பக்கத்தில் ஒருவர்

கடந்த டிசம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு சிறிய கலவரம். ஒன்பது வயதுத் தம்பி ஐந்தாறு நாட்களாகத் தனியே தூங்க மறுத்தான். குளியலறைக்குப் போவதென்றாலும் வாசலில் யாராவது நிற்க வேண்டும். விசாரித்தபோதுதான் விடயம் வெளியே வந்தது. உம்மாவின் கைத்தொலைபேசியை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, காதில் இயர்போனும் மாட்டி, ஒரு பேய்ப்படத்தை முழுதாகப் பார்த்திருக்கிறான். வாப்பா ஏசினார். உம்மா ஓதி ஊதினார். தொலைபேசிக்குப் புதிய கடவுச்சொல் போடப்பட்டது. ஆனாலும் பயம் மட்டும் போகவில்லை.

அந்த வயதில் நானும் பயந்தவள்தான். மின்சாரம் தடைப்பட்ட இரவுகளில் எங்கள் உம்மும்மா ஜின் கதை சொல்வார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாயில் நெருங்கி உட்கார்ந்திருப்போம். கதை உச்சத்துக்கு வந்து நாங்கள் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்திருக்கும் நேரம் பார்த்து அவர் கதையை நிறுத்துவார். "பொறுங்க பிள்ளையள், வெத்திலை முடிஞ்சிட்டு" என்று ஆறுதலாக வெற்றிலை மடிப்பார். அந்த ஜின்னுக்கும் வெற்றிலை வேண்டுமாம் என்பார். நாங்கள் சிரிப்போம். பிறகு கதை தொடரும். அந்த இரவுகளில் எல்லாம் நாங்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம்.

அப்படியானால் தம்பிக்கு மட்டும் ஏன் தூக்கம் வரவில்லை? இந்தக் கேள்விக்கான விடை நான் எதிர்பாராத ஓர் இடத்தில் கிடைத்தது. தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்துக்காகத் தொலைக்காட்சியின் வரலாறு பற்றி ஓர் ஒப்படை செய்யவேண்டியிருந்தது. அதற்காகத் தேடி வாசித்தபோதுதான், அமெரிக்கத் தொலைக்காட்சியில் நள்ளிரவுத் திகில் படங்களைத் தொகுத்து வழங்கிய விசித்திரமான மனிதர்களைப் பற்றி அறிந்துகொண்டேன்.

கறுப்பு உடுப்பில் ஒரு பெண்

கதை 1954 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்குகிறது. அங்கிருந்த ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்திடம் பழைய, மலிவான படங்கள் கையிருப்பில் இருந்தன. அவற்றை நள்ளிரவில் ஒளிபரப்பினால் யார் விழித்திருந்து பார்ப்பார்கள்? அந்த நேரத்தில்தான் மைலா நுர்மி என்ற பெண் நிலையத்தின் தயாரிப்பாளர் ஒருவரின் கண்ணில் பட்டார். பின்லாந்து வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். சார்ள்ஸ் அடம்ஸ் என்ற ஓவியர் பத்திரிகையில் வரைந்துவந்த விசித்திரக் குடும்பத்துக் கேலிச்சித்திரங்களைப் பார்த்து, அதே சாயலில் உடுத்து ஒரு மாறுவேட விருந்துக்குப் போயிருந்தார். அந்த வேடமே 'வம்பைரா' என்ற பாத்திரமாகத் திரைக்கு வந்தது.

நிகழ்ச்சி தொடங்கும்போது புகை சூழ்ந்த நீண்ட நடைவழியில் வெளிறிய முகத்தோடும் கறுப்பு உடுப்போடும் வம்பைரா மெதுவாக நடந்து வருவார். கமெராவின் அருகே வந்ததும் காது கிழியக் கத்துவார். கத்தி முடித்ததும் ஒன்றுமே நடவாததுபோலப் புன்னகைத்து, சோபாவில் சாய்ந்து, அன்றைய படத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். பயமுறுத்திய அதே வாய் அடுத்த நொடியில் பகிடி விடும். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் பின்பற்றிய சூத்திரம் இதுதான்.

அந்த நிகழ்ச்சி ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலமே நடந்தது. நேரடி ஒளிபரப்பு என்பதால் இன்று அதன் காட்சிகளில் மிகச் சொற்பமே எஞ்சியுள்ளன. ஆனாலும் 2008 இல் மைலா நுர்மி காலமானபோது, தொலைக்காட்சியின் முதல் திகில் தொகுப்பாளர் என்றே அவரை நினைவுகூர்ந்தார்கள். இத்துறையில் முதல் அடியை எடுத்து வைத்தவர் ஒரு பெண் என்பதைப் படித்தபோது எனக்குள் ஒரு சின்னப் பெருமிதம்.

ஐம்பத்திரண்டு படங்கள்

வம்பைரா ஒரு நகரத்தின் அதிசயமாகவே இருந்தார். அதை நாடு முழுவதற்குமான வழக்கமாக மாற்றியது ஒரு வியாபாரம். 1957 இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் என்ற நிறுவனம், யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய படங்களைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமையைப் பெற்றது. அவற்றிலிருந்து 52 படங்களைத் தெரிந்தெடுத்து 'ஷொக்!' என்ற பெயரில் ஒரே பொதியாக்கி உள்ளூர் நிலையங்களுக்கு விற்றது. வாரத்துக்கு ஒன்று வீதம் போட்டால் ஒரு வருடத்துக்குப் போதும். 1931 இல் வெளியான 'ட்ரகுலா', 'பிராங்கன்ஸ்டைன்' முதலிய படங்கள் அந்தப் பொதியில் இருந்தன. தாய் தந்தையர் தமது இளமையில் திரையரங்குக்குச் சென்று பார்த்துப் பயந்த பூதங்கள், கால் நூற்றாண்டின் பின்னர் பிள்ளைகளைத் தேடி வீட்டு விறாந்தைக்கே வந்துவிட்டன.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. அந்தக் காலத்துத் திகில் படங்கள் குறுகியவை. 'ட்ரகுலா' ஒன்றேகால் மணித்தியாலம்தான் ஓடும். மீதி நேரத்தை நிரப்ப வேண்டும். விளம்பரத்துக்காகப் படத்தை அடிக்கடி நிறுத்தவும் வேண்டும். நிறுத்திய இடத்தில் பார்வையாளர் எழுந்து தூங்கப் போய்விடாமல் இருக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. புதிதாக ஒருவரை வேலைக்கு அமர்த்தக் காசு இல்லை. எனவே பல நிலையங்கள் தம்மிடம் ஏற்கெனவே இருந்த அறிவிப்பாளரையோ காலநிலை வாசிப்பவரையோ பிடித்து, முகத்தில் வெள்ளைப் பூச்சுப் பூசி, மட்டை அட்டையில் ஒரு கல்லறை செய்து, அதன் நடுவில் நிறுத்திவிட்டன. மாலையில் மழை வருமா என்று சொன்னவர் நள்ளிரவில் பிணப்பெட்டிக்குள் இருந்து எழும்பி வந்தார்.

பிலடெல்பியாவின் ஜோன் சாக்கர்லி இவர்களில் பெரும் புகழ் பெற்றவர். வெட்டியான் போல நீண்ட கறுப்புக் கோட்டு அணிந்து, 'ரோலண்ட்' என்ற பெயரில் 1957 ஒக்டோபரில் திரைக்கு வந்தார். சவப்பெட்டிக்குள் இருக்கும், ஒருபோதும் முகம் காட்டாத மனைவியோடு அன்பாகப் பேசுவார். பூக்கோவா ஒன்றை எடுத்து அதுதான் மனித மூளை என்று சொல்லிச் சத்திரசிகிச்சை செய்வார். எல்லாவற்றையும் விடக் குறும்பான வேலை இன்னொன்று. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நொடி காட்சி மாறி இவருடைய முகம் தோன்றும். பூதம் வருகிறதே என்று கதாபாத்திரங்கள் நடுங்கும் வேளையில் இவர் நடுவில் வந்து முழிப்பார். பயத்தின் உச்சியிலேயே ஒரு சிரிப்பு வெடிக்கும். அதை வாசித்தபோது எனக்கு உம்மும்மாவின் வெற்றிலைதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த வருடமே நியூயோர்க் நிலையமொன்று அவரை அழைத்துக்கொண்டது. அங்கே அவர் 'சாக்கர்லி' ஆனார். 2016 இல் தனது 98 ஆவது வயதில் காலமாகும் வரை, அன்று நள்ளிரவில் விழித்திருந்த பிள்ளைகள் நரைத்த தலையோடு அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்களாம்.

நமது ஊர்க்காரர்

அந்த நாட்களில் ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனியாக ஒரு திகில் தொகுப்பாளர் இருந்தார். அவர் பேசியது அந்த ஊர்ப் பேச்சு, சிரித்தது அந்த ஊரைப் பார்த்து.

கிளீவ்லாந்து நகரில் 1963 முதல் 1966 வரை 'கூலார்டி' என்ற பெயரில் வந்தவர் ஏர்னி அண்டர்சன். ஒட்டுத்தாடியும் ஒரு கண்ணாடி கழன்ற கறுப்புக் கண்ணாடியும்தான் அவருடைய வேடம். படம் மோசம் என்றால் மோசம் என்றே சொல்லிவிடுவார். பார்க்காமல் போய்த் தூங்குங்கள் என்றும் சொல்வார். பக்கத்திலுள்ள பார்மா என்ற புறநகர்வாசிகளின் வெள்ளைக் காலுறைகளைக் கேலி செய்வார். அவருடைய மகன் போல் தோமஸ் அண்டர்சன் இன்று உலகறிந்த திரைப்பட இயக்குநர். தன் தயாரிப்பு நிறுவனத்துக்கு அவர் தந்தையின் அந்தப் பாத்திரத்தின் பெயரையே வைத்திருக்கிறார்.

பிட்ஸ்பர்க் நகரில் பில் கார்டில் என்பவர் 1963 முதல் இருபது வருடங்கள் சனிக்கிழமை இரவுகளில் திகில் படங்களை வழங்கினார். இவர் பூதவேடம் எதுவும் போடவில்லை. கோட்டும் டையும் அணிந்த சாதாரண மனிதராகவே வந்தார். அதே நகரில் ஜோர்ஜ் ரொமேரோ 1968 இல் வெளியிட்ட புகழ்பெற்ற திகில் படத்தில் தொலைக்காட்சிச் செய்தியாளராகத் தோன்றுபவரும் இவர்தான்.

சிக்காகோவின் 'ஸ்வென்கூலி' கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பாத்திரத்தை 1970 இல் தொடங்கியவர் ஜெரி பிஷப். அவருடைய நிகழ்ச்சியை ரசித்த ரிச் கொஸ் என்ற இளைஞர் பகிடிகளை எழுதி அனுப்பத் தொடங்கினார். அவை நன்றாக இருக்கவே, பிஷப் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். 1979 இல் கொஸ் 'ஸ்வென்கூலியின் மகன்' என்ற பெயரில் தானே திரைக்கு வந்தார். பின்னர் அவரே ஸ்வென்கூலி ஆனார். 2011 முதல் அவருடைய நிகழ்ச்சி அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பாகிறது. படத்துக்கு நடுவே அந்த நடிகர் யார், பிறகு என்ன ஆனார், இந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்றெல்லாம் ஓர் ஆசிரியரைப் போல விளக்குவார். பகிடி சரியில்லை என்றால் அவர் மீது றப்பர் கோழிகள் வந்து விழும்.

ஏன் குறைந்துபோனது?

1981 இல் லொஸ் ஏஞ்சலிஸில் 'எல்வைரா' என்ற வேடத்தில் கசன்ட்ரா பீட்டர்சன் தோன்றி நாடறிந்தவர் ஆனார். ஆனால் அந்தப் பத்தாண்டிலேயே இந்த மரபு தேயத் தொடங்கியது. கேபிள் சனல்கள் பெருகின. வீடியோ கசட் வந்ததும் விரும்பிய படத்தை விரும்பிய நேரத்தில் பார்க்க முடிந்தது. 1984 இல் விளம்பர நேரத்துக்கான கட்டுப்பாட்டை அரசாங்கம் தளர்த்தியதும், நள்ளிரவில் படம் போடுவதை விட அரை மணித்தியால விளம்பரம் போடுவது நிலையங்களுக்கு இலாபமாயிற்று. பிணப்பெட்டி இருந்த இடத்தில் சமையற் பாத்திரம் விற்க வந்தார்கள்.

ஆனாலும் மரபு அடியோடு மறையவில்லை. 2018 இல் திகில் படங்களுக்கென்றே உள்ள ஓர் இணையச் சேவை, ஜோ பொப் பிரிக்ஸ் என்ற பழைய தொகுப்பாளரை மீண்டும் அழைத்து, 24 மணித்தியாலம் தொடர்ச்சியாகப் படங்களை வழங்கச் செய்தது. அதே படங்களை எவரும் எந்த நேரத்திலும் தனியே பார்த்திருக்கலாம். இருந்தும் அந்த ஒரே நேரத்தில் அத்தனை பேர் கூடியதால் சேவையின் கணினிகள் பாரம் தாங்காமல் முடங்கின. விரும்பியதையெல்லாம் விரல் நுனியில் பெற்ற மக்களுக்கும் கூட இருந்து பார்க்க ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார்.

வீட்டில் நடந்தது

ஒப்படையை எழுதி முடித்த அன்று எனக்கு ஒன்று விளங்கியது. உம்மும்மாவின் கதையில் பயம் குறைவாக இருக்கவில்லை. தம்பி பார்த்த படத்தின் பேயை விட அவருடைய ஜின் பொல்லாதது. ஆனால் அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். கதையை நிறுத்தவும் எங்கள் முகத்தைப் பார்க்கவும் அவருக்கு முடிந்தது. எப்போது சிரிக்க வைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. அந்தத் தொகுப்பாளர்கள் செய்த வேலையும் அதுதான். தம்பியின் போர்வைக்குள் அப்படி ஒருவரும் இருக்கவில்லை. உம்மும்மா மௌத்தானபோது அவனுக்கு இரண்டு வயது.

சிறு பிள்ளைகளுக்குத் திகில் படம் காட்டலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பெற்றோர் தடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே பார்த்துவிட்ட பிள்ளைக்கு ஏச்சும் கடவுச்சொல்லும் போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவன் மீண்டும் அந்தப் பயத்தைக் கடந்து வரும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்றிரவு நான் தம்பியின் அருகில் போய் உட்கார்ந்தேன். "அந்தப் படத்துல என்ன நடந்த? எனக்குச் சொல்லு பார்ப்பம்" என்றேன். முதலில் தலையைத் திருப்பிக்கொண்டான். பிறகு மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினான். கிணற்றடியில் பேய் வந்து நிற்கும் இடம் வந்ததும் அவன் குரல் இறங்கியது. நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். "பொறு, அந்தப் பேய்க்கு வெத்திலை வேணுமாம்" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். கதை முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை சிரித்தான். அன்றிரவும் வெளிச்சம் எரியத்தான் தூங்கினான். அடுத்த இரவு விளக்கை அணைக்கச் சொன்னவன், கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தான்.

"ராத்தா, நீங்க ஒரு ஜின் கதை சொல்லுங்க. வெத்திலைய மறந்திராதீங்க."