வலை வாடிக்குள் கிடந்தால்

“மனம் சரிவந்தால்தானே கடலுக்குப் போகலாம்? போனால் மனம் சரிவரும் எண்டு சொல்லுறீங்கள், அது எப்பிடி?” உப்புவெளி வாசகர் ஒருவரின் கேள்வி இது. மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சை நல்லதென்று ஞாயிறு மலர்கள் எழுதாத மாதமில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் எவரும் சொல்வதில்லை.

சோர்ந்துபோனவர் காலையில் எழும்பி, கரைக்குப் போக நினைக்கிறார். நெஞ்சு பாரமாகிறது. “இண்டைக்கு ஏலாது” என்று திரும்பிப் படுக்கிறார். உடனே பாரம் கொஞ்சம் இறங்குகிறது. வில்லங்கம் அங்கேதான். அந்தச் சின்ன ஆறுதல், படுத்ததற்குக் கைமேல் கிடைத்த கூலி. கூலி கிடைத்த வேலையை மூளை விடுமா? நாளைக்கும் படுக்கச் சொல்லும். கரையில் காத்திருந்த பகிடி, பிளேன்ரீ, பங்கு மீன் எல்லாம் கைவிட்டுப் போகும். மகிழ வழி குறையக் குறையச் சோர்வு கூடும். சோர்வு கூடினால் அடுத்த நாளும் படுக்கைதான்.

கரைவலைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வலை வளைக்காவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் வளைக்க மனம் வராது. வாடிக்குள் சுருட்டிப் போட்ட வலையை எலி கடிக்கும். கிழிசலைக் கண்டால் தொடவே தோன்றாது. தோணி உக்கும், கயிறு இழுக்க வந்தவர்கள் வேறு பாட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் எந்த வலையும் ‘எல்லாம் என்னால்தான்’ என்று தன்னையே நொந்துகொள்வதில்லை. உவமை கிழிவது அந்த இடத்தில்.

இந்தச் சுழியை அறுக்கும் முறைக்கு நடத்தைச் செயலூக்கம் என்று பெயர். பெயரில்தான் கனம், தொடங்குவது ஒரு கொப்பியில். ஒரு வாரத்துக்கு, செய்ததையும் அப்போதைய மனநிலைக்குப் பத்தில் எத்தனை புள்ளி என்பதையும் எழுத வேண்டும். ‘காலை 10, படுக்கை: 2. மாலை 5, வலை பொத்தினேன்: 4.’ அந்த இரண்டு புள்ளி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு உளவளத்துணையாளர் வேலையைத் தொடங்குகிறார். நாளை ஐந்து மணிக்கு, மனம் வந்தாலும் வராவிட்டாலும், பத்து நிமிடம் வலை பொத்துவது. மணிக்கூடு சொல்வதுதான் கணக்கு. “துணிஞ்சு எழும்பு” என்று சொந்தக்காரர் சொல்லும் புத்திமதி முழுக் கடலையும் ஒரே நாளில் கேட்கிறது. இங்கே கேட்பது பத்து நிமிடம். அதுவும் நடக்காவிட்டால் மறித்தது எது என்று இருவரும் சேர்ந்து தேடுவார்கள்.

வரலாறு சுருக்கமாக: 1970களில் பீட்டர் லூயின்சன் இதற்கு வித்திட்டார். ஆரன் பெக்கின் சிந்தனை திருத்தும் சிகிச்சை பெற்ற புகழில் அது மங்கிப்போனது. 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் 150 பேரிடம் பெக்கின் முறையைப் பிரித்துச் சோதித்தபோது, செயல் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு ஈடுகொடுத்தது.

நமக்கு நெருக்கமான சான்று கோவாவில் இருக்கிறது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடும் மனச்சோர்வுள்ள 495 பேரிடம் விக்ரம் பட்டேல் குழுவினர் நடத்திய ஆய்வு 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. சிகிச்சை கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். மூன்று மாதத்தில் 64 சதவீதத்தினர் மீண்டனர். வழமையான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினர். நல்ல விளைவுதான். ஆனால் நூற்றுக்கு 36 பேர் மீளவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ‘ஏழு நாளில் மகிழ்ச்சி’ என்று விற்கும் செயலிகள் இப்படியான கணக்கைக் காட்டுவதில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு உளவளத்துணை என்ற பெயரில் இந்தக் கரைக்கு வந்து போனவர்கள் ஏராளம். அனர்த்தம் நடந்த கையோடு, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை பிற்பாடு நோய் வராமல் தடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மனக்காயத்தைக் குடும்பத்தோடும் ஊரோடும் சேர்த்துப் பார்க்கவேண்டுமென்று எழுதிவருபவர். தனியாளாகக் கரைவலை இழுக்க முடியாதென்று தெரிந்தவர்களுக்கு அது விளங்கும்.

உப்புவெளி வாசகருக்கு: கொப்பியை இன்றைக்கே தொடங்கலாம். குடித்துவரும் மருந்தைத் தானாக நிறுத்தவேண்டாம். அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வருமானால் கொப்பி மட்டும் போதாது, டொக்டரைப் பார்க்கவேண்டும். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் மாலை ஐந்து மணிவரை காத்திராமல் உடனே தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.